ஒரே பாக்டீரியா, இரண்டு அமைச்சகங்கள்

2000களின் தொடக்கத்தில், நெதர்லாந்தில் ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மார்பு அறுவைச் சிகிச்சை செய்ய ஏற்பாடு நடந்தது. அறுவைக்கு முந்தைய வழக்கமான பரிசோதனையில், குழந்தையின் உடலில் எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெத்திசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. இந்தக் கிருமியைத் தேடிக் கண்டுபிடித்து, அது இருப்பவரைத் தனிமைப்படுத்தி ஒழிப்பதில் நெதர்லாந்து மருத்துவமனைகள் உலகுக்கே முன்னோடியாக இருந்தவை. அங்கே அது எங்காவது தலைகாட்டினால், பெரும்பாலும் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கித் திரும்பியவரிடம்தான் இருக்கும். இங்கே அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. குடும்பத்தினரைச் சோதித்தபோது அவர்களிடமும் அதே கிருமி இருந்தது. அவர்கள் பன்றி வளர்ப்பவர்கள். அந்த வட்டாரத்தில் 26 பன்றி வளர்ப்பாளர்களைச் சோதித்ததில் 6 பேரிடம், அதாவது ஏறத்தாழ 23 விழுக்காட்டினரிடம், எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. பொதுமக்களிடையே அது ஆயிரத்தில் ஒருவரிடம்கூட இல்லாத காலம் அது.

மருத்துவமனைகள் தம்மால் இயன்றதைச் செய்தன. பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர் உள்நோயாளியாக வந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை தனி அறையில் வைக்க வேண்டும் என்று விதி வகுத்தன. ஆனால் பன்றிக் கொட்டகைக்குள் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று கேட்கும் அதிகாரம் மருத்துவமனைக்கு இல்லை. சுகாதார அமைச்சகத்துக்கும் இல்லை. அது வேளாண் அமைச்சகத்தின் எல்லைக்குள் இருந்தது. வேளாண் அமைச்சகத்தின் பார்வையில் அது நோய்ச் சிக்கலே அல்ல, ஏனெனில் பன்றிகள் நலமாகத்தான் இருந்தன. மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்த ஒருங்கிணைந்த பொதுக் கொள்கை வேண்டும் என்று உலக மாநாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதன் உண்மையான பொருள், இந்த இரண்டு எல்லைக்கோடுகளுக்கு இடையில் விழுந்து கிடக்கும் சிக்கலை யாராவது ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே.

எல்லைக்கோடு பாக்டீரியாவுக்குத் தெரியாது என்பதற்கு அதன் உடலமைப்பே காரணம். ஒரு பாக்டீரியா மருந்தைத் தாங்கும் திறனைத் தன் குரோமோசோமில் ஏற்படும் மாற்றத்தால் பெறலாம். பிளாஸ்மிட் என்னும் சிறு வளைய டி.என்.ஏ.வாக அடுத்த பாக்டீரியாவிடமிருந்தும் பெறலாம். இரண்டாவது வழியில்தான் ஆபத்து மிகுதி. ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கக்கூடும். அவற்றில் ஏதேனும் ஒரு மருந்து தீவனத்தில் கலந்தாலே போதும், அந்தப் பிளாஸ்மிட்டைத் தாங்கிய பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகும். மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் அவற்றோடு சேர்ந்தே பெருகும். கோழியின் குடலிலிருந்து இறைச்சி வழியாகவும், சாணத்திலிருந்து வயல், நீர்நிலை வழியாகவும், பண்ணைத் தொழிலாளியின் கை வழியாகவும் அது மனிதரை அடைகிறது. மனிதரிடமிருந்து விலங்குக்கும் இதே பாதைகளில் திரும்பிச் செல்கிறது.

இதில் கொள்கை வகுப்பவர்களைத் தடுமாற வைப்பது அறிவியல் அல்ல, கணக்கு. ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பதால் வரும் ஆதாயம் பண்ணையாளருக்கும், இறைச்சி வாங்குபவருக்கும், மருந்து விற்பவருக்கும் உடனே கிடைக்கிறது. அதற்கான விலையோ பல ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அந்தப் பண்ணையைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு நோயாளியால் செலுத்தப்படுகிறது. ஒரு துறையின் வரவு மற்றொரு துறையின் செலவாக இருக்கும்போது, இரு துறைச் செயலர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதால் மட்டும் ஒன்றும் மாறுவதில்லை. நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால், மாற்றம் நிகழ்ந்த இடங்களிலெல்லாம் ஒரு பொது அம்சம் இருக்கிறது: விலங்குகளுக்குச் செலவான மருந்தையும் மனிதரிடம் காணப்பட்ட எதிர்ப்பையும் யாரோ ஒருவர் ஒரே ஏட்டில் எழுதினார், அந்த ஏட்டில் தம் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பண்ணையாளரும் மருத்துவரும் பார்க்க நேர்ந்தது.

எச்சரிக்கை பழையது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் தம் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று கூறினார். விலங்குகளைப் பொறுத்தவரை முதல் பெரிய அரசு ஆய்வு பிரிட்டனின் ஸ்வான் குழு அறிக்கை. மனித மருத்துவத்தில் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளை விலங்குகளுக்கு வளர்ச்சியூக்கியாக, அதாவது எடையை விரைவாகக் கூட்டுவதற்காக, கொடுக்கக் கூடாது என்று 1969இல் அக்குழு பரிந்துரைத்தது. பெனிசிலினும் டெட்ராசைக்ளினும் தீவனத்திலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் மனிதருக்குப் பயன்படாத மருந்துகளைத் தொடர்ந்து கலக்கலாம் என்று அதே அறிக்கை ஒரு கதவைத் திறந்தே வைத்தது. அந்தக் கதவின் வழியாகத்தான் அவோபார்சின் நுழைந்தது. அது மனிதருக்குக் கொடுக்கப்படும் மருந்து அல்ல. ஆனால் மனிதருக்குக் கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்ட வான்கோமைசினின் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு எதிர்ப்பு பெற்ற கிருமி மற்றதையும் தாங்கும். மருந்துகளைப் பெயரை வைத்துப் பிரிக்கும் விதி, பாக்டீரியாவின் கண்ணில் அவை ஒன்றாகத் தெரியும்போது பயனற்றுப் போகிறது. சுவீடன் இந்தப் பிரிவினையே வேண்டாம் என்று 1986இல் எல்லா ஆன்டிபயாடிக் வளர்ச்சியூக்கிகளையும் தடை செய்தது.

டென்மார்க்கின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று உலகம் பேசும் ஒருங்கிணைப்பின் பெரும்பகுதி அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1994இல் அந்த நாட்டில் மனிதருக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டு விலங்குத் தீவனத்தில் கலந்த அவோபார்சின் 24,000 கிலோ. இந்த இரண்டு எண்களும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் இருந்தவரை எவரையும் உலுக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விவாதத்தின் போக்கே மாறியது. 1995இல் அவோபார்சின் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு டான்மேப் என்ற கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. விலங்குகள், உணவு, மனிதர் ஆகிய மூன்றிலும் மருந்துப் பயன்பாட்டையும் எதிர்ப்பையும் ஒரே ஆண்டறிக்கையில் தரும் முறை அதனால் நிலைபெற்றது.

அதே காலத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவு, தடையைவிடக் குறைவாகப் பேசப்பட்டாலும், என் கணிப்பில் அதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது: கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று ஈட்டும் ஆதாயத்தை அரசு மிகச் சிறு விழுக்காட்டுக்குள் அடக்கியது. மருந்தை எழுதுபவரே அதை விற்றும் இலாபம் காணும் ஏற்பாடு நீடிக்கும் இடத்தில், எத்தனை பயிலரங்குகள் நடத்தினாலும் மருந்துச் சீட்டு இளைப்பதில்லை. 2000இல் தொடங்கிய வெட்ஸ்டாட் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் எழுதப்பட்ட ஒவ்வொரு மருந்தும் பதிவாயிற்று.

விளைவு கண்கூடாகத் தெரிந்தது. 1995இல் கறிக்கோழிகளிலிருந்து எடுத்த, குடலில் வாழும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்களில் 72.7 விழுக்காடு அவோபார்சின், வான்கோமைசின் மருந்து வகையைத் தாங்கின; 2000இல் அது 5.8 விழுக்காடாகக் குறைந்தது. பன்றிகளிலோ தடைக்குப் பிறகும் எதிர்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காட்டில் அசையாமல் நின்றது. ஏன் என்று தேடியபோது, வான்கோமைசினைத் தாங்கும் மரபணுவும் டைலோசின் போன்ற மருந்துகளைத் தாங்கும் மரபணுவும் பன்றிகளின் பாக்டீரியாவில் ஒரே பிளாஸ்மிட்டில் அமர்ந்திருந்தது தெரிந்தது. அவோபார்சின் நின்றாலும், தீவனத்தில் தொடர்ந்த டைலோசின் அந்தப் பிளாஸ்மிட்டை வாழ வைத்துக்கொண்டிருந்தது. டைலோசினைக் குறைத்த பிறகுதான் பன்றிகளிலும் எதிர்ப்பு இறங்கியது. ஒரு மருந்தைத் தடை செய்துவிட்டு வெற்றி அறிவிப்பது எவ்வளவு அவசரமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். தொடர்ந்து அளந்துகொண்டே இருந்ததால்தான் இந்தப் புதிர் பிடிபட்டது.

டென்மார்க்கின் பாதையில் இடறல்களும் இருந்தன, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. வளர்ச்சியூக்கிகள் முற்றாக நிறுத்தப்பட்ட பின், பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளிடம் வயிற்றுப்போக்கு கூடியது. அதற்குச் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்ட மருந்து சில ஆண்டுகள் ஏறுமுகமாயிற்று. 2010இல் அரசு மஞ்சள் அட்டை முறையைக் கொண்டுவந்தது. நிர்ணயித்த அளவுக்கு மேல் மருந்து செலவிடும் பண்ணைக்கு எச்சரிக்கை அட்டை. குறைக்கவில்லை என்றால் தன் செலவில் ஆய்வும் கண்காணிப்பும். இவ்வளவுக்குப் பிறகும், நெதர்லாந்துக் குழந்தையிடம் காணப்பட்டதைப் போன்ற பன்றி வழி எம்.ஆர்.எஸ்.ஏ. டென்மார்க் பண்ணைகளில் பரவுவதைத் தடுக்க முடியவில்லை. மருந்தைக் குறைத்தல் ஒன்று, பண்ணைக்குப் பண்ணை குட்டிகள் விற்கப்படும்போது கிருமியும் கூடவே போவதை நிறுத்துதல் வேறொன்று. முதலாவதில் வென்றவர்கள் இரண்டாவதில் தோற்றார்கள்.

நெதர்லாந்து பிந்தித் தொடங்கினாலும் விரைந்து நடந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டுபிடிப்போடு, கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் செஃபலோஸ்போரின் என்னும் ஆன்டிபயாடிக் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்சைம் கொண்ட பாக்டீரியாக்கள் ஒத்திருப்பதாக வந்த செய்திகளும் சேர்ந்து, அரசியல் அழுத்தம் உருவானது. 2009ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு 2011க்குள் 20 விழுக்காடு, 2013க்குள் 50 விழுக்காடு என்று குறைப்பு இலக்குகள் வைக்கப்பட்டன. 2010இல் தனி அமைப்பு ஒன்று நிறுவப்பட்டு, ஒவ்வொரு பண்ணையின் பயன்பாட்டையும் அதே வகைப் பண்ணைகளோடு ஒப்பிட்டு அறிவித்தது. பண்ணைகளை மட்டுமன்றி, மருந்து எழுதும் கால்நடை மருத்துவர்களையும் அப்படியே ஒப்பிட்டது. தாம் சராசரிக்கு எவ்வளவு மேலே இருக்கிறோம் என்பதை முதன்முறையாக ஒரு வரைபடத்தில் பார்க்கும் மருத்துவருக்கு, அது எந்தச் சட்டப் பிரிவையும்விடக் கூர்மையாக உறைக்கிறது. 2013க்குள் 50 விழுக்காட்டு இலக்கு தாண்டப்பட்டது. பின்னர் குறைப்பு 70 விழுக்காட்டையும் கடந்தது. நாட்டின் கால்நடைத் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை.

விலங்குகளிடம் செய்யும் மாற்றம் மனிதரிடம் உண்மையில் தெரியுமா என்பது நியாயமான ஐயம். இதற்கு விடை தரும் சான்றுகளில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது மிகத் துலக்கமானது. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், குஞ்சு வெளிவருவதற்கு முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற மருந்தை ஊசி வழியே செலுத்தும் வழக்கம் இருந்தது. முட்டைக்குத் தடுப்பூசி செலுத்தும்போது அதே துளை வழியே பாக்டீரியாவும் புகுந்துவிடக்கூடும் என்பதால் ஏற்பட்ட முன்னெச்சரிக்கை அது. எந்தக் குஞ்சுக்கும் நோய் இருந்ததால் அல்ல. செஃப்டியோஃபர், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். அதே வகை மருந்துதான், உணவு வழியே பரவும் சால்மொனெல்லா பாக்டீரியாவின் கடும் தொற்று கண்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படுவது. கண்காணிப்பில் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போவது தெரிந்ததும், 2005 தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாகவே அதை நிறுத்தின. கடையில் விற்ற கோழி இறைச்சியில் கிடைத்த ஹைடல்பெர்க் வகை சால்மொனெல்லாவில் செஃப்டியோஃபர் எதிர்ப்பு 2004இல் 62 விழுக்காடு, 2006இல் 7 விழுக்காடு. நோயாளிகளிடமிருந்து எடுத்த அதே கிருமியில் 36 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடு. பின்னர் சில பொரிப்பகங்கள் மருந்தை ஓரளவு மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியபோது எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது. நிறுத்தும்போது இறங்கி, தொடங்கும்போது ஏறும் ஒரு கோட்டைப் பார்த்த பிறகு தொடர்பை மறுப்பது கடினம். தன்னார்வக் கட்டுப்பாடு எவ்வளவு எளிதில் தளரும் என்பதையும் அதே கோடுதான் காட்டுகிறது. கனடாவின் கோழி வளர்ப்புத் துறை 2014இல்தான் மனிதருக்கு மிக முக்கியமான மருந்துகளை நோய்த்தடுப்புக்காகக் கோழிகளுக்குக் கொடுப்பதை முற்றாக விலக்கியது.

கோலிஸ்டினின் வரலாறு இன்னும் பெரிய அளவிலானது. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மனித மருத்துவத்தில் பெரிதும் ஒதுக்கப்பட்ட இந்தப் பழைய மருந்து, கடும் தொற்றுகளுக்கான கார்பபெனம் வகை மருந்துகளும் பலிக்காமல் போன பிறகு, வேறு வழியற்ற நோயாளிகளுக்காக மீண்டும் வெளியே எடுக்கப்பட்டது. அதற்குள் அது உலகின் பல நாடுகளில் பன்றி, கோழித் தீவனங்களில் டன் கணக்கில் கலந்துகொண்டிருந்தது. கோலிஸ்டின் எதிர்ப்பைப் பிளாஸ்மிட் வழியே கடத்தக்கூடிய எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2015 நவம்பரில் அந்த ஆய்வு வெளியானது. சீன அரசு 2017 ஏப்ரல் இறுதியிலிருந்து கோலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 2015இல் 27,170 டன்னாக இருந்த தீவனக் கலவைக் கோலிஸ்டின் உற்பத்தி 2018இல் 2,497 டன்னாகச் சுருங்கியது. நலமுடன் இருந்த மனிதர்களில் எம்.சி.ஆர்.-1 தாங்கிய பாக்டீரியாவைச் சுமந்தவர்கள் 2016இல் 14.3 விழுக்காடு, 2019இல் 6.3 விழுக்காடு. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு இம்மருந்தைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. வேளாண் துறை எடுத்த ஒரு முடிவு, மருத்துவமனைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திராத நலமான மனிதர்களின் குடலில் இரண்டே ஆண்டுகளில் அளக்கத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியது. ஒருங்கிணைந்த கொள்கைக்காக வாதாட எனக்கு இதைவிட வலிய எண் வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, பழி முழுவதையும் பண்ணையின் மேல் போட்டுவிட்டு மருத்துவமனை ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. மனிதரைக் கொல்லும் பல எதிர்ப்புக் கிருமிகள் மனித மருத்துவத்திலேயே பிறந்து, மருத்துவமனைகளுக்குள்ளேயே கைமாறுபவை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் கோழிப் பண்ணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2019இல் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்றும், அதோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்றும் 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறியது. மக்கள்தொகை விகிதத்தில் மிகக் கூடுதலான இறப்பு, உலகிலேயே மிகுதியாக ஆன்டிபயாடிக் உண்ணும் நாடுகளில் நிகழவில்லை; மேற்கு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. தூய குடிநீரும் கழிப்பறையும் ஆய்வகமும் சரியான மருந்தும் எட்டாத இடங்களில் எதிர்ப்புக் கிருமி எளிதாகப் பரவுகிறது, அது தாக்கியவரைக் காப்பதும் அரிதாகிறது. ஆகவே மருந்தைக் கட்டுப்படுத்தும் கொள்கை, மருந்து கிடைக்காமல் சாகும் குழந்தைக்கு மருந்தைக் கொண்டுசேர்க்கும் கொள்கையாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் எந்தத் திட்டத்தையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் கொண்டுவந்த அவேர் என்ற வகைப்பாடு இந்தச் சமநிலையை நோக்கியது. எளிதில் கிடைக்க வேண்டியவை, கவனத்தோடு கொடுக்க வேண்டியவை, கடைசிக் கட்டத்துக்காகச் சேமிக்க வேண்டியவை என்று ஆன்டிபயாடிக்குகளை அது மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு நாடு எத்தனை டன் மருந்து உண்கிறது என்பதோடு, எந்த வகையை உண்கிறது என்பதையும் இதனால் கேட்க முடிகிறது.

மருந்தே தேவைப்படாமல் செய்வது எல்லாவற்றிலும் மேலான வழி, இதிலும் மனிதரும் விலங்கும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகள் 1987இல் ஏறத்தாழ 48 டன் ஆன்டிபயாடிக்கைச் செலவிட்டன. மீன்களுக்கு ஒவ்வொன்றாகத் தடுப்பூசி போடும் முறை பரவிய பிறகு, உற்பத்தி பன்மடங்கு பெருகியும் மருந்துச் செலவு 1987இன் அளவில் நூற்றில் சில பங்காகச் சுருங்கியது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தொடங்கிய, ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாங்கும் டைஃபாய்டு பரவலுக்குப் பிறகு, அந்த நாடு 2019இல் புதிய டைஃபாய்டு தடுப்பூசியைத் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். மீனுக்குப் போட்ட ஊசியும் குழந்தைக்குப் போட்ட ஊசியும் வெவ்வேறு துறைகளின் வரவு செலவில் எழுதப்படுகின்றன, ஆனால் அவை சேமித்துத் தருவது ஒரே பொதுச் சொத்தை.

புதிய மருந்துகளைப் பொறுத்தவரை சந்தையின் வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாகிறது. நல்ல புதிய ஆன்டிபயாடிக் ஒன்றை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் விற்றால்தான் நிறுவனம் பிழைக்கும். அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018 ஜூனில் ஒப்புதல் பெற்று, 2019 ஏப்ரலில் திவாலானது. இந்த முடிச்சை அவிழ்க்க, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2022இல் செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஆகிய இரண்டு மருந்துகளுக்குச் சந்தா முறையைத் தொடங்கியது. எத்தனை குப்பி செலவானாலும் ஆகாவிட்டாலும், மருந்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான தொகை. தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் கொடுப்பதுபோல, தேவைப்படும்போது தயாராக இருப்பதற்காகக் கொடுக்கும் பணம் இது.

சுற்றுச்சூழல் மிகப் பிந்தி இந்த உரையாடலுக்குள் வந்தது. மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரில் கலந்து வெளியேறும் ஆன்டிபயாடிக்குக்கு எவ்வளவு வரம்பு என்பதைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் முதல் வழிகாட்டுதல் 2024 செப்டம்பரில்தான் வெளியானது. உணவு வேளாண் நிறுவனம், உலக விலங்கு நல அமைப்பு, உலக சுகாதார நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நான்காவதாக இணைந்ததும் 2022இல்தான். அதுவரை கழிவுநீர்க் குழாயை எவருடைய கணக்கிலும் எழுதவில்லை.

உலக அளவிலான ஏற்பாடுகள் 2015இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற செயல்திட்டத்திலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வொரு நாடும் தன் தேசியச் செயல்திட்டத்தை எழுத வேண்டும் என்று அது கேட்டது. 178 நாடுகள் எழுதிவிட்டன. அவற்றுக்கென்று தனி நிதி ஒதுக்கிய நாடுகள் 11 விழுக்காடு மட்டுமே. திட்டம் எழுதுவதற்கு ஒரு குழு போதும். அதை நடத்த ஆய்வகத்தில் ஆள் வேண்டும், கால்நடை மருத்துவமனையில் பரிசோதனைத் தட்டு வேண்டும், இரு துறைகளின் தரவையும் ஒரே வடிவில் மாற்றும் அலுவலர் வேண்டும். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். அந்த வரி எந்த அமைச்சகத்தின் ஏட்டில் என்ற கேள்வியிலேயே பல திட்டங்கள் நின்றுவிடுகின்றன. சுகாதார அமைச்சகம் மற்றொரு அமைச்சகத்தின் ஆய்வகத்துக்குப் பணம் கொடுப்பதில்லை; நிதி அமைச்சகமோ பிரதமர் அலுவலகமோ தலையிடாதவரை, எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் குழு சுகாதாரத் துறையின் உட்குழுவாகவே தேங்கிவிடுகிறது.

2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறிய அரசியல் பிரகடனத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ஆண்டுக்கு 49.5 லட்சமாக மதிப்பிடப்பட்ட இறப்புகளை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பது, மனிதருக்குச் செலவாகும் ஆன்டிபயாடிக்குகளில் 70 விழுக்காடாவது அவேர் வகைப்பாட்டின் முதல் பிரிவைச் சேர்ந்ததாக இருப்பது, குறைந்தது 60 விழுக்காடு நாடுகளாவது நிதியோடு கூடிய திட்டம் வைத்திருக்கும்படி 10 கோடி டாலர் தொடக்க நிதி திரட்டுவது ஆகியவை அதில் எண்களோடு உள்ளன. விலங்குகளுக்கு மட்டும் எண் இல்லை. உணவு உற்பத்தியில் பயன்படும் மருந்தை 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று முதல் வரைவில் இருந்த வாசகம் பேச்சுவார்த்தையில் உதிர்ந்து, கணிசமாகக் குறைக்க முயல்வது என்ற சொற்றொடராகத் தேய்ந்தது. 2022இல் மஸ்கட்டில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் 30 முதல் 50 விழுக்காடு என்ற இலக்கை ஏற்ற நாடுகள் இருந்தும் இது நடந்தது. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் இடம் இதுவே. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் எண் இருந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது.

எண் இல்லாத இடத்தைச் சில வட்டாரங்கள் சட்டத்தால் நிரப்பி வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சியூக்கிகளைத் தடை செய்ததோடு நில்லாமல், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மோசமான சுகாதாரத்தையோ நெருக்கமான வளர்ப்பையோ ஈடுகட்ட ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுப்பதையும் தடுக்கிறது. சில மருந்துகளை மனிதருக்கென்றே ஒதுக்குகிறது. விலங்கு இனவாரியாகத் தரவு தர ஒவ்வோர் உறுப்பு நாட்டையும் கட்டாயப்படுத்துகிறது. ஒன்றியத்துக்கு இறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடுகளும் வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. வணிகத்தின் வழியே வரும் இந்த அழுத்தம் ஏற்றுமதிப் பண்ணைகளை மாற்றும். உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் சிறு பண்ணையை அது தொடாது, அங்கே தடுப்பூசியும் கால்நடை மருத்துவரும் முதலில் போய்ச் சேர வேண்டும். அமெரிக்கா 2017 முதல் மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சியூக்கியாக விற்பதை நிறுத்தியது. ஆயினும் உலக விலங்கு நல அமைப்புக்குத் தரவு தரும் நாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஆன்டிபயாடிக்கை விலங்குகளின் எடை கூட்டுவதற்காக இன்னும் பயன்படுத்துவதாகத் தானே தெரிவிக்கிறது.

பொதுச் சபை இந்தப் பொருளுக்காக அடுத்த உயர்நிலைக் கூட்டத்தை 2029இல் நடத்த முடிவு செய்துள்ளது. அதற்குள் எத்தனை நாடுகள் பண்ணை மருந்தையும் நோயாளியின் எதிர்ப்பையும் ஒரே ஆண்டறிக்கையில் வெளியிடத் தொடங்கியிருக்கும், 11 விழுக்காடு என்ற நிதி எண் எவ்வளவு நகர்ந்திருக்கும், உதிர்ந்துபோன அந்த 30 விழுக்காட்டை எந்த நாடு மீண்டும் மேசையில் வைக்கும் என்பவைதான் அந்தக் கூட்டத்தின் பொருளைத் தீர்மானிக்கும்.